முதல் மாத மொய்

(திருத்தணியில் மகளிர் மன்றம் ஒன்று நடத்திய பட்டதாரி மாணவியர் பாராட்டு விழாவில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

நாற்காலியைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நிற்கும் தாய்மார்களே, தறியை அரை நாள் நிறுத்திவிட்டு வந்திருக்கும் தகப்பன்மார்களே, இந்த மேடையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் 14 கண்மணிகளே!

என்னை அழைக்க வந்த சகோதரிகள், "நாலு வார்த்தை வாழ்த்திப் பேசிட்டுப் போங்க டீச்சர்" என்றார்கள். வாழ்த்துகிறேன். மனமார வாழ்த்துகிறேன். இந்த 14 பேரில் 9 பேர், அவரவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மையார்குப்பத்திலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்தவர்கள் இருக்கிறார்கள். தறி ஓடுகிற வீட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அந்த வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பதிவியலும் வேதியியலும் படித்திருக்கிறார்கள். விடிகாலை ரயிலைப் பிடித்து அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லை தாண்டித் திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிள்ளையும் இருக்கிறாள். நீங்கள் தட்டிய கைதட்டல் வீண் போகவில்லை.

ஆனால் வாழ்த்திவிட்டு இறங்கிப்போக எனக்கு மனம் வரவில்லை. காலையில் இந்த மண்டபத்தின் பந்தியில் நான் ஒன்றைப் பார்த்தேன், ஒன்றைக் கேட்டேன். அதைச் சொல்லாமல் போனால் நான் 31 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றதற்கு அர்த்தமில்லை.

என் பக்கத்து இலையில் ஒரு தாய். மடியில் மஞ்சள் பை. பைக்குள் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் மகளின் சான்றிதழ். சாப்பிட்டுக் கை கழுவி, முந்தானையில் இரண்டு தடவை துடைத்து, புறங்கையையும் துடைத்துக்கொண்ட பிறகுதான் அதை வெளியே எடுத்தார். "எம் பொண்ணு பேரு எங்க இருக்குது டீச்சர்?" என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை உறையின் மேலாகவே தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"அடுத்து என்னம்மா?" என்று கேட்டேன்.

"அடுத்து இன்னா டீச்சர். ஒரு எடத்தப் பார்த்து முடிச்சிட வேண்டியதுதான்."

பக்கத்தில் இருந்த மகள் தலையை நிமிர்த்தவே இல்லை. அவளைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டேன். அப்போதுதான் கைப்பேசியைத் திறந்து காட்டினாள். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறாள். வருகிற 1-ஆம் தேதி சேர வேண்டும். கடிதம் வந்து 9 நாள் ஆகிறது. வீட்டில் சொல்லியிருக்கிறாள். மறுப்பு ஒன்றும் இல்லை. "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். நம் வீடுகளில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

தடை என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் விரல் விட்டுச் சொன்னாள். விடுதிக்கு அட்வான்ஸ் 6,000. முதல் மாதம் சாப்பாட்டோடு 6,500. பஸ்ஸுக்கும், இரண்டு செட் நல்ல துணிக்கும், ஒரு ஜோடி செருப்புக்கும் 3,500. முதல் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிதான் கைக்கு வரும். ஆக மொத்தம் 16,000 ரூபாய்.

தாய்மார்களே, 3 வருஷப் படிப்பு, அதற்கு முன்னால் 12 வருஷப் பள்ளிக்கூடம், ஒரு தகப்பனின் தறி, ஒரு தாயின் கழுத்துச் சங்கிலி, இத்தனையும் வந்து முட்டி நிற்கிற சுவர் 16,000 ரூபாய் உயரம்!

அந்தப் பெண்ணின் பெயரை நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அவள் ஒருத்தி இல்லை. இந்த மேடையில் இருப்பவர்களில் 5 பேரிடம் கேட்டேன். 5 பேரும் அதே கணக்கைத்தான் சொன்னார்கள். ரூபாய்தான் கொஞ்சம் முன்பின்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1984-இல் நான் பி.எஸ்சி. முடித்தேன். அப்போது எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய பெண் நான் ஒருத்திதான். சென்னையில் ஒரு அலுவலகத்திலிருந்து வேலைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. பழுப்பு உறை. 15 நாளுக்குள் வந்து சேர வேண்டும். என் அப்பா கெட்டவர் இல்லை. என்னை அடித்ததில்லை, படிப்பை நிறுத்தியதில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எங்கம்மா தங்குவே?" எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவில், இந்த ஊரில், யாருக்கும் தெரியவில்லை. 15 நாளும் போனது. கடிதத்தையும் பட்டத்தையும் சேர்த்து அம்மா பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தார். பாச்சை உருண்டை வாசனையோடு அது 9 வருஷம் அங்கே இருந்தது. அதற்குப் பிறகு, 2 பிள்ளைகளைப் பெற்ற பிறகு, பி.எட். படித்து ஆசிரியை ஆனேன். ஆனது வரை நல்லது. ஆனால் அந்த 9 வருஷம் எங்கே போயிற்று?

"எங்கே தங்குவே?" இந்த ஒரு கேள்விக்கு நம் ஊர்ப் பெண்கள் ஒன்றுகூடிப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லவில்லை. என் சண்டை அதோடுதான்.

அரசாங்கம் எதுவும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. அதை மறைத்துப் பேசினால் நான் நேர்மையானவள் இல்லை. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி சென்னை பாரதி மகளிர் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டம் தொடங்கியது. 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் அது வந்தது. இந்த மேடையில் 11 பேர் அந்தப் பணத்தில் பஸ் ஏறிப் படித்தவர்கள். அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் தெரியுமா? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். பெண்களைத் தேவதாசிகளாக்கப் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையைத் தன் வாழ்விலேயே பார்த்து, அதை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசிய பெண். 1936-இல் அதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகக் கிளம்பிய இந்தி எதிர்ப்புத் தமிழர் படையில் நடந்தார். அப்போது அவருக்கு 55 வயது.

அவர் பெயரில் முதலில் இருந்தது எந்தத் திட்டம் என்று நம் தாய்மார்களுக்கு நன்றாகத் தெரியும். திருமண உதவித் திட்டம். 1989-இல் 5,000 ரூபாயோடு தொடங்கியது. 2011-இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்ந்தது. பட்டம் படித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய் என்றும் ஆனது. அதனால் நன்மை இல்லையா? இருந்தது. அந்தப் பணத்துக்காகவே எத்தனையோ வீடுகளில் பெண்ணைப் பத்தாவது வரையாவது விட்டுவைத்தார்கள். என் வகுப்பறையில் அப்படித் தங்கிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் காலத்தில் பெண்ணின் பட்டத்துக்குப் பணம் கிடைத்த இடம் கல்யாண மண்டபம். 2022-இல் அரசு அந்தப் பணத்தைத் தாலியிலிருந்து எடுத்துக் கல்லூரிக்குக் கொண்டுபோனது. அது பெரிய மாற்றம். அதற்கு முன்பே நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதில் முன்னால்தான் நின்றார்கள். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் 2021-22-இல் இந்தியாவின் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டின் விகிதம் 47 சதவீதம்.

சரி. ஆனால் அந்த 1,000 ரூபாய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். படிப்பு முடிகிற இடத்தில் நிற்கிறது. முதல் சம்பளமோ அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது. நடுவில் கிடக்கிற அந்த இரண்டு மூன்று மாதத்துக்குத் திட்டம் இல்லை, மானியம் இல்லை, வங்கிக் கடன் இல்லை. அந்த மாதங்களில்தான் ஜாதகம் வெளியே எடுக்கப்படுகிறது. அந்த மாதங்களில்தான் "பார்க்கலாம்" சொல்லப்படுகிறது. அந்த மாதங்களில்தான் நாம், தாய்மார்களே, நாம்தான், கோவில் படியிலும் ரேஷன் கடை வரிசையிலும் அந்தப் பெண்ணை நிறுத்தி, "எப்போ கல்யாண சாப்பாடு?" என்று கேட்கிறோம்.

இப்போது நம் மன்றத்துக்கு வருகிறேன். இந்த மன்றம் செய்த நல்லதையெல்லாம் நான் அறிவேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வரும் சனத்துக்கு இந்தக் கைகள்தான் நீர்மோர் ஊற்றின. ஆடி வெயிலில் தார்ச்சாலை கொதிக்கிறபோது, வெறுங்காலோடு வரும் பக்தர் நிற்க ஈரச் சாக்கு விரித்தவர்கள் நீங்கள். கண் சிகிச்சை முகாமுக்குக் கிழவிகளைக் கைப்பிடித்து அழைத்துப் போனவர்கள் நீங்கள். மார்கழிக் கோலப் போட்டி, சமையல் போட்டி, எல்லாம் நடக்கட்டும். பெண்கள் கூடிச் சிரிக்க ஊரில் வேறு இடம் ஏது?

இங்கே இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் சுய உதவிக் குழுவிலும் இருக்கிறீர்கள். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய ஏற்பாடு அது. இன்று தமிழ்நாட்டில் குழு இல்லாத ஊர் இல்லை. குழுவில் எதற்கெல்லாம் கடன் கொடுத்தீர்கள்? கறவை மாட்டுக்குக் கொடுத்தீர்கள். தையல் மெஷினுக்குக் கொடுத்தீர்கள். தறிக்குப் பாவு வாங்கக் கொடுத்தீர்கள். வீட்டுக் கூரைக்கு, ஆஸ்பத்திரிக்கு, காதுகுத்துக்கு, மஞ்சள் நீராட்டுக்குக் கொடுத்தீர்கள். காலையில் நான் சொன்ன அந்தத் தாய், 3 மாதம் முன்பு இளைய மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குக் குழுவில் 60,000 வாங்கியிருக்கிறார். குழுவில் ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. மண்டபம், ஃபிளக்ஸ் பேனர், சீர்வரிசைத் தட்டு, எல்லாம் நடந்தது. அதே தாய், மூத்த மகளின் விடுதிக்கு 16,000 கேட்கலாம் என்று நினைக்கவே இல்லை. குழுவில் அப்படி ஒரு கடன் உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அப்படி ஒரு கடன் இதுவரை இல்லை என்பதுதான் நம் குற்றம். பெண் பெரியவளானதற்கு ஊர் கூடிச் செலவு செய்கிறது. அந்தப் பெண் பெரிய ஆளாவதற்கு ஊர் கூட வேண்டாமா?

பெண்கள் சங்கம் என்றால் இந்த நாட்டில் அந்தக் காலத்தில் என்ன செய்தது என்று ஒரு நிமிஷம் சொல்கிறேன், கேளுங்கள். மயிலாப்பூரில் பிறந்த ஆர்.எஸ். சுப்புலட்சுமி. 11 வயதில் விதவை. அந்தக் கோலத்தில் ஒரு பெண்ணை வீட்டின் பின்கட்டில்தான் வைப்பார்கள். அவருடைய தகப்பனார் வைக்கவில்லை, படிக்க அனுப்பினார். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு வருஷமே, 1912-இல், சாரதா மகளிர் சங்கம் தொடங்கினார். அந்தப் பெண்கள் கூடி என்ன செய்தார்கள்? சுப்புலட்சுமியைப் போலவே பாலிய விதவைகளான சிறுமிகள் தங்கிப் படிக்க ஓர் இல்லம் நடத்தினார்கள். பட்டத்தை வாழ்த்தி மாலை போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தங்க இடம் கொடுத்தார்கள்! பிற்பாடு அந்த இல்லம் இருந்த இடம் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அங்கே தங்கிய சிறுமிகள் ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள்.

அடுத்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1912-இல் மருத்துவப் பட்டம் வாங்கியவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்தவர். தேவதாசிக் குடும்பத்துப் பெண்கள் அந்த வாழ்க்கையை உதறிவிட்டு வந்து நின்றபோது, அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. அவர் மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. தன் வீட்டுக் கதவைத் திறந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அவ்வை இல்லம்.

இரண்டு பேரும் கண்டுபிடித்தது ஒன்றேதான். பெண்ணுக்குப் புத்தி குறைவு இல்லை, ஆசை குறைவு இல்லை. இரவு தலை சாய்க்க ஒரு பாதுகாப்பான இடம் இல்லை. அது கிடைத்தால் மற்றதை அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்வாள். நூறு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது, கையில் கைப்பேசி வைத்திருக்கும் நமக்குத் தெரியாமல் போகலாமா?

"டீச்சர், காலம் கெட்டுக் கிடக்குது, பட்டணத்துல பொண்ண எப்படி விடறது?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். நான் அதைத் தள்ளிவிட மாட்டேன். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கைப்பேசி செய்யும் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன சாப்பாடு போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். அந்த ஆலையின் பெண்கள், எல்லாம் 18, 20 வயதுப் பிள்ளைகள், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தார்கள். நாடு திரும்பிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் அதே பக்கம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகளும் பல ஊர்களில் வந்திருக்கின்றன. கேட்டதால் வந்தது. பயந்து வீட்டோடு இருந்திருந்தால் வந்திருக்காது.

ஆகவே பயத்துக்கு மருந்து பெண்ணைப் பூட்டி வைப்பது அல்ல. போய்ப் பார்ப்பது! சம்பந்தம் பேசப் போனால் நாம் எப்படிப் போகிறோம்? நாலு பேர் சேர்ந்து வேன் வைத்துக்கொண்டு போகிறோம். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தைப் பார்த்து, அடுப்படியைப் பார்த்து, கொல்லைப்புறக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுகூட எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம். அதே கண்ணோடு ஒரு விடுதியைப் பார்க்கத் தெரியாதா உங்களுக்கு? கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, குளியலறைக்குக் கதவு இருக்கிறதா, அரிசியில் வண்டு இருக்கிறதா, வார்டன் அம்மாள் முகம் கொடுத்துப் பேசுகிறாரா, பஸ் நிறுத்தத்திலிருந்து விடுதி வரைக்கும் விளக்கு எரிகிறதா? இந்த மன்றத்திலிருந்து இரண்டு பேர் ஒரு நாள் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இடம் நல்லாத்தான் இருக்குது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்திருந்தால், என் 9 வருஷம் பீரோவில் கிடந்திருக்காது.

பணம்? அதற்கு நம் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. மொய். மொய் பிச்சையும் இல்லை, கந்து வட்டியும் இல்லை. இன்று நான் உன் வீட்டு விசேஷத்துக்கு வைத்தால், நாளை நீ என் வீட்டு விசேஷத்துக்கு வைக்கிறாய். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, ஒரு நோட்டு மட்டும். புதுக்கோட்டைச் சீமையில் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர்ப் பக்கம் பேராவூரணி ஆகிய ஊர்களில் ஆடி மாதம் மொய் விருந்து என்றே வைப்பார்கள். கல்யாணம் இருக்காது, காதுகுத்து இருக்காது. கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். அந்தப் பணத்தில் கடை வைப்பார்கள், நிலம் வாங்குவார்கள், பிள்ளையைப் படிக்க வைப்பார்கள். வாங்கியதைத் தன் முறை வரும்போது கூட்டித் திருப்பி வைப்பார்கள். ஏமாற்றினால் ஊரில் தலைகாட்ட முடியாது. வங்கி கேட்கிற எந்தக் காகிதத்தைவிடவும் அந்த மொய் நோட்டு கெட்டியான காகிதம்.

நான் கேட்பது அதுதான். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு முதல் மாத மொய். இந்த மன்றத்தில் 180 பேர் இருக்கிறோம். ஆளுக்கு 100 ரூபாய் வைத்தால் 18,000. ஒரு பெண்ணின் முதல் மாதம் அதில் அடங்கி, 2,000 மிச்சமும் இருக்கும். கல்யாண வீட்டில் 100 ரூபாய் மொய் வைத்தால் இப்போது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறீர்கள். இங்கே அந்த 100 ஒரு பெண்ணை ரயிலேற்றிவிடும். சம்பளம் வாங்கின பிறகு மாதம் 2,000 வீதம் அவள் நோட்டில் திருப்பி எழுதட்டும். 8 மாதத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த மாதத்தில், அடுத்த பெண்ணுக்கு அவள் பெயரில் ஒரு மொய் இருக்கட்டும்.

"அதெல்லாம் அந்தக் காலத்து அடக்குமுறை, இப்போ யார் பொண்ணுங்கள கட்டாயப்படுத்தறாங்க?" என்று பின்னால் ஒரு ஐயா பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஐயா, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21. தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 13 பேருக்கு 18 வயது ஆவதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. பத்து வயதுக் கல்யாணம் போய்விட்டது, உண்மை. பதினேழு வயதுக் கல்யாணம் போகவில்லை. பட்டம் வாங்கிய மறு மாதக் கல்யாணமோ பெருமையாகவே நடக்கிறது. கல்யாணத்துக்கு நான் விரோதி அல்ல. ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், அந்தப் பெண் தன் சம்பளத்தைத் தன் கையால் வாங்கிய பிறகு பேசுங்கள் என்கிறேன். அப்போது பேச்சு வேறு மாதிரி இருக்கும். பெண் வீட்டார் பேசுகிற பேச்சும் வேறாக இருக்கும், மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற சீரும் வேறாக இருக்கும்.

பத்து வயதுக் கல்யாணம் என்றதும் நம் ஊர்ப் பெருமை ஒன்று நினைவுக்கு வருகிறது. 1888 செப்டம்பர் 5-இல் இந்தத் திருத்தணியில் பிறந்தார் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தநாளில் நாடே ஆசிரியர்களை வணங்குகிறது. அந்தத் தேதியைத்தான் புதுமைப்பெண் திட்டத்துக்கும் தேர்ந்தெடுத்தார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை அவர். உதவித்தொகையில் படித்தார். உறவுக்கார அண்ணன் படித்து முடித்துக் கொடுத்த தத்துவப் பாடப் புத்தகங்கள் கையில் இருந்ததால்தான் அந்தப் பாடத்தையே எடுத்தார் என்று சொல்வார்கள். வேளையில் கிடைத்த சின்ன உதவி, ஒரு குடியரசுத் தலைவரை உண்டாக்கியது. அவருடைய மனைவி சிவகாமு அம்மையாரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு 10 வயது இருக்கும்போது கல்யாணம் நடந்தது. அன்றைய வழக்கம் அது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் நம் ஊர் மகன் ஒருவருக்குக் கிடைத்த அந்தப் பழைய புத்தகமும் உதவித்தொகையும் நம் ஊர் மகள்களில் எத்தனை பேருக்குக் கிடைத்திருந்தால், இன்னும் எத்தனை பெயர்களைச் சொல்லி நாம் மார்தட்டியிருப்போம்! அந்தக் கணக்கை யாராலும் போட முடியாது. நம் பெண்களின் சாம்பலோடு அது கரைந்துபோயிற்று.

இந்த ஊர் போராடத் தெரியாத ஊர் இல்லை. சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்துக்குப் போன திருத்தணிக்காக ம.பொ.சி. வந்து நின்றார், சிறைக்குப் போனார். மங்கலங்கிழார் ஊர் ஊராக நடந்து தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி நம்மோடு சேர்ந்தது. எல்லைக் கோட்டை அரசாங்கத்தையே மாற்றிப் போட வைத்த ஊர்! அந்த ஊரில் இன்றைக்கும் ஒரு பெண்ணுக்கு எல்லை வீட்டு வாசற்படி என்றால், தெலுங்கு பேசுகிற அக்காவும் தமிழ் பேசுகிற அக்காவும் சேர்ந்து அந்தக் கோட்டையும் மாற்றத்தான் வேண்டும்.

கண்மணிகளே, உங்களுக்கும் இரண்டு வார்த்தை. சம்பளக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏ.டி.எம். கார்டு உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டுக்குப் பணம் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள், ஆனால் நீங்கள் எடுத்துக் கொடுங்கள். 1989-இலிருந்தே தமிழ்நாட்டில் இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். விடுதியில் சாப்பாடு கெட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். மன்றத்துக்கு ஒரு போன் போடுங்கள், நாங்கள் வருகிறோம். வாங்கிய மொய்யை மறக்காதீர்கள்.

மன்றத்துச் சகோதரிகளே, நான் பேசிக்கொண்டே இருந்தால் பரிசு கொடுக்க நேரமாகிவிடும். குத்துவிளக்கு கொடுங்கள், டிபன் கேரியர் கொடுங்கள், நான் தடுக்கவில்லை. மேடைக்கு இடப்பக்கம் மேஜையில் ஒரு நீளநோட்டு வைத்திருக்கிறேன். காலையில் ம.பொ.சி. சாலைக் கடையில் வாங்கியது. முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரை எழுதி 5,000 ரூபாய் வைத்திருக்கிறேன். வருகிற 1-ஆம் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. அதற்குள் அம்பத்தூருக்குப் போய் விடுதியைப் பார்த்துவர இரண்டு பேர் வேண்டும். என்னோடு வருவதற்கு ஒருவர் கிடைத்தால்கூடப் போதும். நோட்டில் இரண்டாவது வரி காலியாக இருக்கிறது. எழுந்து வாருங்கள்.